நிம்மதி என்று எழுதச் சொன்னார்கள்

மருந்துப் பாதுகாப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களை உங்கள் நிறுவனத்தில் ஒருவருக்கும் பிடிக்காது. இதை முதல் நாளே தெரிந்துகொண்டால் பிறகு மனம் நோகாது. மருந்தைக் கண்டுபிடித்தவருக்குக் கைதட்டுவார்கள். விற்றவரைக் கடற்கரை விடுதிக்கு அனுப்புவார்கள். "இதை எடுத்த ஒருவர் படியில் உருண்டு விழுந்தாராம்" என்று கூட்டத்தின் நடுவில் சொல்கிற நீங்கள், கலியாண வீட்டில் இருமுகிற ஆளைப் போலத்தான் பார்க்கப்படுவீர்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் வைத்தியம் படித்து மொன்றியலுக்கு வந்தவள். இங்கே ஒரு நோயாளியின் நாடியைப் பிடிக்கக்கூட எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. அனுமதி உள்ளவர்கள் மருந்து கொடுத்தபின் என்ன கோளாறு நடந்தது என்று தேடுவதற்கு மட்டும் தாராளமாக அனுமதித்தார்கள். ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன். வீடு பியர்பொன்ட்ஸில், வேலை லொங்குய்யில். மொன்றியல் தீவின் ஒரு மூலையிலிருந்து ஆற்றின் அக்கரைக்குத் தினமும் போய்வந்த ஒருத்திக்குப் பொறுமையைப் பற்றி எவரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

வேலையின் நடைமுறைகளை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் ஒரேயொரு மருந்தின் கதையைச் சொல்கிறேன். மருந்தின் பெயரைச் சொல்லமாட்டேன். மனிதர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

அது மூக்குக்குள் அடிக்கும் ஒரு மருந்து. பென்சோடயசபின் வகை. வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஒரு வலிப்போடு முடியாது, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் எடுத்து ஒரு தரம் அடித்தால் போதும், ஊசி வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். நல்ல எண்ணம். இன்றைக்கும் நான் அதை நல்ல மருந்து என்றே சொல்வேன்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. மூளைக் கலங்களை அடக்குவதற்கு மூளையே காபா என்று ஓர் இரசாயனத்தை வைத்திருக்கிறது. காபா வந்து தொட்டால் கலத்தில் ஒரு சிறு வாசல் திறந்து குளோரைட் உள்ளே போகும், கலம் அடங்கும். பென்சோடயசபின் தானாக எந்த வாசலையும் திறக்காது. வாசலின் பக்கத்தில் தனக்கென்று உள்ள இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு காபா தொடும்போதெல்லாம் வாசல் வழமையைவிட அடிக்கடி திறக்கும். வலிப்பு அடங்கும். அதே காரணத்தால் பயம் அடங்கும், தசை தளரும், நித்திரை வரும், அந்த நேரத்து ஞாபகமும் பதியாமல் போகும். "வலிப்பை மட்டும் நிறுத்து, மற்றதைத் தொடாதே" என்று அதற்குக் கட்டளை போட எவராலும் முடியாது. எங்கள் நிறுவனத்தின் உபதலைவர் ஒருவரைத் தவிர.

உபதலைவர் கெட்டவர் அல்ல. அவருக்குச் சொற்களில்தான் நோய். மருந்தை முதலில் நோயில்லாதவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தோம், அப்போது அவர்களில் பலர் தூங்கினார்கள். ஒரு பல்கலைக்கழக மாணவன் கையில் கரண்டியோடு சூப்புக் கோப்பையின் முன்னால் உறங்கிவிட்டான். உபதலைவர் தயாரித்த சுருக்கத்தில் "பங்குபற்றியவர்கள் நிம்மதியான நிலையில் காணப்பட்டனர்" என்று இருந்தது.

எங்கள் பிரிவுக்குத் தலைமை வைத்தியராக இருந்தவர் பிரெஞ்சு பேசும் ஒரு கியூபெக் பெண். எல்லோரும் அவரை மடாம் டொக்டர் என்போம். கோடை காலத்திலும் பனிச் சப்பாத்தோடு வருவார், கூட்டங்களில் கம்பளி பின்னுவார், கோபம் வந்தால் கத்தோலிக்கக் கோயிலில் உள்ள பூசைப் பொருட்களின் பெயர்களைச் சொல்லித் திட்டுவார். இந்த ஊரில் அதுதான் கெட்ட வார்த்தை. அவர் அந்த வரியை வாசித்துவிட்டுப் பின்னல் ஊசியைக் கீழே வைத்தார்.

"சூப்புக்கு முன்னால் இருந்த பையனுக்கு என்ன நடந்தது?"

"அவனுக்குச் சூப் பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்றார் உபதலைவர்.

"சூப் பிடிக்காதவன் முகத்தைச் சுழிப்பான். குறட்டை விடமாட்டான். தூக்கம் என்று எழுதுங்கள், தபர்னாக்."

தூக்கம் என்றே எழுதப்பட்டது. இந்தச் சிறு சண்டையை ஏன் சொல்கிறேன் என்றால், பெரிய சண்டை வரும்போது அதற்கும் இதே உருவம்தான் இருக்கும். யாரும் உங்களிடம் வந்து "பொய் எழுது" என்று கேட்கமாட்டார்கள். "இதைவிட நல்ல சொல் இல்லையா?" என்றுதான் கேட்பார்கள்.

அடுத்து நோயாளிகளோடு ஆய்வு தொடங்கியது. குடும்பங்களுக்கு மருந்தைக் கையில் கொடுத்து, பாவித்தவுடன் எங்களை அழைத்துச் சொல்லும்படி ஒரு தொலைபேசி இலக்கமும் கொடுத்திருந்தோம். விடுமுறை நாட்களில் அந்த அழைப்புகளை முறைவைத்து எடுப்போம். மாசி மாதம், ஒரு ஞாயிறு பின்னேரம், என்னுடைய முறை. கணவர் வாசலில் பனி தள்ளிவிட்டு உள்ளே வந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அழைப்பு வந்தது. ஓர் ஆண் குரல், ஆங்கிலத்தில், மிகுந்த சந்தோஷத்தோடு. அந்த ஆங்கிலத்தின் அடியில் ஓடிய யாழ்ப்பாணம் எனக்குத் தெரியாமல் இருக்குமா?

"தம்பி, தமிழிலயே சொல்லுங்கோ."

"ஐயோ, அக்கா தமிழோ! மருந்து வேலை செய்யுது அக்கா! தங்கச்சிக்கு விடாமல் வந்துகொண்டிருந்தது. அடிச்சன். அப்பிடியே நிண்டிட்டுது!"

அவரை அன்ரன் என்று வைத்துக்கொள்வோம். லாசாலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தங்கை றெஜினாவும் அவரும் ஒரே அபார்ட்மெண்டில் இருந்தார்கள். அவர் அழைத்தது உதவி கேட்டு அல்ல, நல்ல செய்தி சொல்லி. நானும் "நல்லது தம்பி" என்று பதிந்துகொண்டு வைத்திருக்கலாம். ஆனால் அவருடைய குரலுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. ஒரு நீண்ட குறட்டை. பிறகு ஒன்றும் இல்லை. பிறகும் ஒன்றும் இல்லை. பிறகு இன்னொன்று.

"தங்கச்சி இப்ப என்ன செய்யிறா?"

"நல்ல நித்திரை அக்கா."

"கூப்பிட்டுப் பாருங்கோ."

"பாவம், படுக்கட்டும் எண்டு—"

"எழுப்புங்கோ. தோளைப் பிடிச்சு உலுப்புங்கோ."

அவர் கூப்பிடுவது கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு உரக்க. பிறகு அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் கழன்று விழுவதும் கேட்டது.

"எழும்புறாள் இல்லை அக்கா. கண்ணைத் திறக்கிறாள் இல்லை."

"உதடு என்ன நிறம்?"

"ஒரு மாதிரி... மங்கி நீலமா இருக்கு."

"வேற ஏதும் மருந்து எடுத்தவவோ? இந்தக் கிழமை?"

"பல்லுப் பிடுங்கினவள். அதுக்கு நோக் குளிசை குடுத்தவங்கள்."

பெயரை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். ஓபியம் வகை வலி மாத்திரை. மூச்சை நடத்தும் இடத்தை அது ஒரு வழியால் அமர்த்தும், எங்கள் மருந்து இன்னொரு வழியால் அமர்த்தும். இரண்டும் ஒரே உடம்பில் சந்தித்திருந்தன.

நிறுவனத்திடம் பங்குபற்றுபவரின் இலக்கம் மட்டும்தான் இருக்கும். பெயர், முகவரி எதுவும் நாங்கள் கேட்கக்கூடாது. அது விதி, நல்ல விதி. ஆய்வு வைத்தியருக்குத் தகவல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்பதும் விதி. நான் முகவரியைக் கேட்டேன். அன்ரன் சொல்லச் சொல்ல நான் உரத்துத் திருப்பிச் சொன்னேன், பக்கத்தில் நின்ற என் கணவர் தன் தொலைபேசியில் அம்புலன்ஸுக்குச் சொன்னார். அன்ரனை இணைப்பிலேயே வைத்திருந்தேன்.

"அம்புலன்ஸ் வேண்டாம் அக்கா, வலிப்பு நிண்டால் கூப்பிடத் தேவையில்லை எண்டுதானே நீங்கள் தந்த தாளில—"

"தம்பி, தாளை விடும். அவவின்ர நெஞ்சைப் பாரும். எழும்புதோ?"

"...இல்லை."

"தலையைப் பின்னால சரிச்சு நாடியை மேல தூக்கும். மூக்கைப் பொத்திப்போட்டு வாயோட வாய் வைச்சு ஊதும்."

"எனக்குத் தெரியாது அக்கா!"

"பலூன் ஊதத் தெரியுமெல்லோ? ஊதும்!"

ஊதினார். ஊதுவதற்கு இடையில் அழுதார். அழுவதற்காக ஊதுவதை நிறுத்தியபோது நான் கத்தினேன். என் கணவர் பிறகு சொன்னார், கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படி ஒரு குரலை என்னிடம் அவர் கேட்டதில்லையாம். கடைசியில் கதவு இடிபடும் சத்தம், பிரெஞ்சுக் குரல்கள், இணைப்பு அறுந்தது.

நான் கதிரையில் இருக்கவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். ஆய்வு வைத்தியர் அழைத்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஓபியம் மாத்திரையின் பிடியை விடுவிக்கும் மருந்தை அம்புலன்ஸிலேயே கொடுத்திருந்தார்கள். றெஜினா கண் திறந்துவிட்டாள். "ஏன் எல்லாரும் என்னைப் பாக்கிறீங்கள்?" என்றாளாம். ஒன்றுமே ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை கூட்டம் வைத்தார்கள். உபதலைவர் நோயாளியின் உடல்நிலையை விசாரிப்பதற்கு முன்பே என்னிடம் ஒன்று கேட்டார்.

"பங்குபற்றியவரின் முகவரியை எடுத்தீர்களா?"

"எடுத்தேன்."

"அது தனியுரிமை மீறல் என்று உங்களுக்குத் தெரியும்தானே?"

நான் வாய் திறப்பதற்கு முன் மடாம் டொக்டர் பின்னலிலிருந்து தலை தூக்கினார். "இறந்தவர்களின் தனியுரிமையைப் பாதுகாப்பது மிகவும் சுலபம். அடுத்த விஷயத்துக்குப் போவோம்."

அடுத்த விஷயம்தான் உண்மையான விஷயம். இந்தச் சம்பவத்துக்கும் எங்கள் மருந்துக்கும் தொடர்பு உண்டா என்று நான் எழுத வேண்டும். முதலீடு செய்பவர்கள் வந்து பார்க்க இருந்த காலம் அது. உபதலைவர் வெள்ளைப் பலகையில் அழகாக விளக்கினார். ஓபியம் மருந்து எடுப்பவர்கள் ஆய்வில் இருக்கக்கூடாது. அந்தப் பெண் எடுத்திருக்கிறார். ஆகவே அவர் விதியை மீறியவர். அவருடைய மூச்சுப் பிரச்சினையைப் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.

"அப்படியென்றால் அவருடைய வலிப்பு நின்றதையும் வெற்றிக் கணக்கிலிருந்து எடுக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"அது ஏன்? வலிப்பு நின்றது உண்மைதானே."

நம்புங்கள் பிள்ளைகளே, இதை அவர் சிரிக்காமல் சொன்னார். வலிப்பு நிற்கும்வரை றெஜினா எங்கள் ஆய்வில் இருந்தாள். மூச்சு நின்ற கணத்தில் வெளியேறிவிட்டாள்.

பிறகு அவர் தன் நல்ல வாதத்தை எடுத்தார். "ஓபியத்தை விடுவிக்கும் மருந்து கொடுத்தார்கள், அவர் எழும்பினார். அப்படியானால் குற்றவாளி ஓபியம்தான். பல் வைத்தியர் கொடுத்த மருந்துக்கு நாங்கள் ஏன் பழி ஏற்க வேண்டும்?"

கூட்டத்தில் பல தலைகள் ஆடின. கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. உங்களுக்கும் ஒருநாள் இப்படிக் கேட்பதற்குச் சரியான ஒன்று வரும். அப்போது பலகையைப் பார்க்காதீர்கள், அந்த மனிதரின் அன்றைய நாளைப் பாருங்கள்.

"அவர் அந்த மாத்திரையைப் பல் பிடுங்கிய நாளிலிருந்து எடுத்து வருகிறார்" என்றேன். "அன்று காலை மாத்திரையை எடுத்துவிட்டுத்தான் கோயிலுக்கு நடந்து போய், பூசை கண்டு, நடந்து வந்திருக்கிறார். எங்கள் மருந்து மூக்குக்குள் போனபிறகுதான் மூச்சு அடங்கியது. இரண்டில் எது இல்லாவிட்டாலும் அவர் மூச்சு விட்டிருப்பார். பல் மாத்திரைக்காரரும் இதே போல ஒரு பலகை முன்னால் நின்று, குற்றவாளி மூக்கு மருந்துதான் என்று சொல்வார். இரண்டு பேருமே குற்றமற்றவர்கள் என்றால் அந்தப் பெண் ஏன் நீலம் பாய்ந்தார்?"

உபதலைவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார். அப்போது சொன்னதுதான் என்னை வருத்தியது.

"தொடர்பு உண்டு என்று எழுதினால் ஆய்வு நிற்கும். ஒரேயடியாக நின்றும் போகலாம். தினமும் விழுந்து எழும்பும் எத்தனையோ பேருக்கு இந்த மருந்து கிடைக்காமல் போகும். அதையும் உங்கள் பெயரில் எழுதிக்கொள்வீர்களா?"

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். மருந்து நல்லது, எனக்கும் அது தெரியும். உங்களை மிரட்டுகிறவனை எதிர்ப்பது லேசு. பாதி உண்மை சொல்கிறவனை எதிர்ப்பதுதான் இந்த வேலை. "வீட்டில் தனியே இதை அடிக்கப்போகிற அடுத்த அண்ணனுக்கு இது தெரியாமல் இருக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னேன். தொடர்பு உண்டு, உயிராபத்து என்று எழுதினேன். மடாம் டொக்டர் கையெழுத்து வைத்துவிட்டு, கம்பளியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். ஒட்டாவாவில் உள்ள மருந்து அனுமதி அதிகாரிகளுக்கு அது போனது.

ஆய்வை நிறுத்தினார்கள். சிலருக்கு வேலை போகும் என்று கதை அடிபட்டது. மதிய உணவு நேரத்தில் என்னுடைய மேசை திடீரென்று விசாலமாகிவிட்டது. என் புட்டையும் கறியையும் முகர்ந்து முகம் சுழித்தவர்கள்கூட முன்பெல்லாம் பக்கத்தில் இருந்தார்கள். இப்போது நான் கறி இல்லாமல் போனாலும் ஒருவரும் வரவில்லை.

ஆனால் ஆய்வு செத்துப்போகவில்லை. அதிகாரிகள் கேட்டவை எல்லாம் நியாயமான கேள்விகள். வேறு மருந்து எடுக்கிறார்களா என்று குடும்பத்தை எப்படி விசாரிக்கிறீர்கள்? நித்திரையையும் ஆபத்தையும் வீட்டில் இருப்பவர் எப்படிப் பிரித்து அறிவார்? மடாம் டொக்டரும் நானும் இருந்து குடும்பங்களுக்கான தாளைப் புதிதாக எழுதினோம். கூப்பிட்டுப் பாருங்கள். நெஞ்சைப் பாருங்கள். உதட்டைப் பாருங்கள். எழும்பாவிட்டால் அம்புலன்ஸ். மருந்தோடு கூடவே மடித்து வைக்கக்கூடிய அளவில், படங்களோடு. விளம்பரப் பிரிவு அந்தத் தாள் "பயமுறுத்துகிறது" என்றது. "ஓம், அதற்குத்தான் எழுதினோம்" என்றேன்.

ஆய்வு மீண்டும் தொடங்கி, முடிந்து, எல்லாம் ஒட்டாவாவுக்குப் போய், கேள்விகள் வந்து, பதில்கள் போய், கடைசியில் அனுமதி கிடைத்தது. பெட்டியின் தகவல் தாளில், மேலேயே, கறுப்புக் கட்டம் போட்டு ஓர் எச்சரிக்கை: ஓபியம் வகை மருந்துகளோடு சேர்த்தால் மூச்சு நிற்கலாம். அந்தக் கட்டம் வராமல் தடுப்பதற்கு உபதலைவர் கடைசி வாரம்வரை மல்லுக்கட்டினார். அனுமதி வந்தபின் அந்தக் கட்டத்தின் படத்தையே திரையில் பெரிதாகப் போட்டு, "பாதுகாப்பு எங்கள் இரத்தத்தில் இருக்கிறது" என்று பேசினார். அந்த வருடம் நிறுவனத்தின் நோயாளர் பாதுகாப்பு விருது அவருக்குக் கிடைத்தது. நானும் கைதட்டினேன். கை சூடாக இருக்கும் அல்லவா, மொன்றியல் குளிர்.

அந்த விழாவில் இன்னொன்றும் ஏற்பாடு செய்திருந்தார்கள். மருந்தால் வாழ்வு மாறிய ஒரு நோயாளி வந்து பேசுவார். விளம்பரப் பிரிவு வலிப்பு நோயாளர் சங்கம் ஒன்றின் மூலம் ஆளைக் கண்டுபிடித்திருந்தது. "லாசாலிலிருந்து, இலங்கைப் பெண், நன்றாகப் பிரெஞ்சு பேசுவார், படத்துக்கும் நன்றாக இருக்கும்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார்கள். இன்னும் கடைக்கு வராத ஒரு மருந்தை ஏற்கெனவே பாவித்தவர் என்றால் எங்கள் ஆய்வில் இருந்தவராகத்தான் இருக்கவேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. சொல்ல எனக்கு உரிமை இல்லை. பின்வரிசையில் போய் இருந்துகொண்டேன்.

றெஜினா மேடைக்கு வந்தாள். சிவப்புக் குளிர்ச்சட்டை, முப்பது வயதுக்குள். கூடவே அகன்ற தோள்களோடு அன்ரன். உபதலைவர் ஒலிவாங்கியை நீட்டினார்.

"மருந்து உள்ளே போகும்போது எப்படி இருந்தது? எல்லோருக்கும் சொல்லுங்கள்."

"தெரியாது" என்றாள் றெஜினா, பிரெஞ்சில். "அந்த மருந்து எடுத்தால் ஒன்றும் ஞாபகம் இருக்காது. உங்கள் தாளிலேயே எழுதியிருக்கிறது."

சிரிப்பு. உபதலைவரும் சிரித்தார். "அப்படியானால் அண்ணனைக் கேட்போம்!"

அன்ரன் ஒலிவாங்கியை வாங்கி, உடைந்த ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாகச் சொன்னார். "நல்ல மருந்து, சேர். வலிப்பு உடனே நின்றது." உபதலைவர் கைதட்டத் தொடங்கினார், மண்டபமும் தட்டியது. அன்ரன் தட்டி முடியும்வரை காத்திருந்தார். "பிறகு மூச்சும் நின்றது. நான் வாயால் ஊதினேன்."

உபதலைவர் கேக் வெட்டலாம் என்றார்.

கூட்டம் கலைந்தபோது குளிர்ச்சட்டைகள் தொங்கும் இடத்தில் அவர்களைக் கண்டேன். "வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ?" என்று மட்டும் கேட்டேன். அன்ரன் என் முகத்தையே பார்த்தார். குரலை அடையாளம் கண்டுவிட்டார் என்று தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

றெஜினாவிடம் கேட்டேன். "பயமில்லையோ பிள்ளை? இப்பவும் அந்த மருந்தை வைச்சிருக்கிறீரோ?"

"ஓம் அன்ரி, எப்பவும் பையுக்குள்ள. ஆய்வு முடிஞ்ச பிறகும் எனக்குத் தந்தவை." அவள் பையைத் திறந்து காட்டினாள். மருந்தைச் சுற்றி எங்கள் தாள், நாலாய் மடித்து, விளிம்புகள் தேய்ந்து. "போன மாசம் மெத்ரோவில வந்தது. அண்ணை இல்லை. ஆரோ ஒரு வெள்ளைக்காரப் பெட்டை என்ர பையைத் திறந்து, இதை வாசிச்சு, மருந்து அடிச்சிருக்கிறா. நான் முழிச்சுப் பாக்க, தன்ர ஸ்டேசனில இறங்காமல் எனக்குப் பக்கத்தில நிலத்தில இருக்கிறா. என்ர நெஞ்சையே வைச்ச கண் வாங்காமல் பாத்துக்கொண்டு."

"என்ன சொன்னவ?"

றெஜினா சிரித்தாள். "நன்றி சொல்ல, மெர்சி எண்டு வாயெடுத்தன். அவ கையைக் காட்டி மறிச்சுப்போட்டா. 'கதைக்காதேங்கோ, இன்னும் கொஞ்சநேரம் மூச்சு விடுங்கோ, நான் பாக்க வேணும்' எண்டா."